வெளிப்பக்கம் திறக்கும் கதவு

ரெஸ்டிகூஷ் ஆற்றிலிருந்து பதினாறு கிலோமீட்டர்.
கடைசி எட்டில் தார் இல்லை.
இரண்டு ஏக்கர்.
பாதி சதுப்பு, மீதி கொசு
என்றார் விற்றவர், ஒளிக்காமல்.
அந்த வாய்க்காகவே பேரம் பேசவில்லை.

கல்யாணம் பண்ணிப் பார்த்தாயிற்று.
இது மற்றது.

பள்ளி பஸ் ஓட்டுகிறவளுக்குக் கோடையில் சம்பளம் கிடையாது,
பொழுது கிடைக்கும்.
கோடு போட்ட நோட்டில் முதல் பக்கம்:
சிமெண்ட் கட்டை, பன்னிரண்டு.
ஆணி, ஐந்து கிலோ.
ஒனேசிம் மில்லில் அறுத்த ஸ்ப்ரூஸ் பலகை,
ஈரம் போகாதது, ஆகவே பாதி விலை.
காய்ந்தால் சுருங்குமே, ஸெலி, என்றார்.
சுருங்கட்டும், நானும் அப்படித்தான் என்றேன்.
பலகையை எண்ணுகிறவர் போலத் திரும்பிக்கொண்டார்.

பத்தடிக்குப் பத்தடி.
ஒரு அங்குலம் கூடினாலும் மனுப் போட வேண்டுமாம்.
ஒரு அங்குலம் குறைத்தே கட்டினேன்.

ஊரில் பல் ஆஸ்பத்திரியை இடித்தபோது
ஜன்னல் ஒன்று குப்பைத் தொட்டியில் சாய்ந்திருந்தது.
சுவருக்கு அது பொருந்தவில்லை.
சுவரை மாற்றினேன்.
கண்ணாடியில் ஒட்டிய எழுத்தைச் சுரண்டச் சோம்பல்:
"சிரித்தபடி உள்ளே வாருங்கள்."
உள்ளே இருக்கிற எனக்கு
அது எப்போதும் தலைகீழ் இடவலம்.

ரசமட்டம் ஃபெர்னாண்டுடையது.
பங்கு பிரித்த நாளில் எப்படியோ
என் பெட்டியோடு வந்துவிட்டது.
குமிழி கொஞ்சம் இடப்பக்கமே ஒதுங்கியது.
தரை சாய்வா, கருவி சாய்வா?
அவனிடம் கேட்க போனை எடுத்தேன்,
வைத்தேன்.
பஸ்ஸில் யாரோ விட்டுப்போன கோலிக்குண்டைத்
தரையில் வைத்தேன்.
அது சற்று யோசித்துவிட்டுக்
கதவு வரப்போகும் இடத்துக்கு நடந்தது.

கதவு நானே செய்தது.
உள்ளே கட்டில், அடுப்பு, விறகு;
திறக்க இடம் ஏது?
வெளிப்பக்கமாகக் கீல் வைத்தேன்.
தள்ளினால் காடு.
ஆகஸ்டில் அது எவ்வளவு நல்ல யோசனை!

பிப்ரவரியில் ஒரு வெள்ளி இரவு
காற்று இல்லாமல் பெய்தது.
காலையில் தாழ்ப்பாளை நீக்கித் தள்ளினேன்.
கதவு ஒரு விரல் நகர்ந்து நின்றது.
தோளால் தள்ளினேன்.
முதுகால் தள்ளினேன்.
அந்தப் பக்கம் இடுப்பளவு பனி
அசையாமல் என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது.
மண்வெட்டி எங்கே?
வெளியே, சுவரில், அழகாக மாட்டியிருக்கிறது.

காபி போட்டுக் குடித்தேன்.
நோட்டை எடுத்து எல்லாச் செலவையும் கூட்டினேன்:
மூவாயிரத்து நானூற்றுப் பதினொன்று.
இவ்வளவு மலிவாக
யாரும் தன்னைத் தானே பூட்டிக்கொண்டதில்லை.
சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன்.
அடுப்பு இரண்டுக்கும் சேர்த்தே எரிந்தது.

ஜன்னல்தான் வழி.
தலையும் ஒரு கையும் வெளியே வந்து
மீதி வராமல் தொங்கும்போது
பாதையில் ஸ்னோமொபைல் வந்து நின்றது.
ஒனேசிம் இறங்கினார்.
கண்ணாடி எழுத்தை நிதானமாகப் படித்தார்.
என் முகத்தைப் பார்த்தார்.
"எந்தப் பல்?" என்றார்.

மே மாதம் நிலையைக் கழற்றி
கீலை உள்பக்கம் மாற்றினேன்.
பழைய திருகு ஓட்டைகள் ஆறு;
தீக்குச்சியும் பசையும் வைத்து அடைத்தேன்.
பலகை, அவர் சொன்னபடி, சுருங்கியிருக்கிறது;
இடுக்கில் பாசியைத் திணிக்கிறேன்.
உறைந்து இளகிய மண் ஒரு கட்டையைத் தூக்கிவிட்டதில்
கோலிக்குண்டு இப்போது
அடுப்பை நோக்கிப் போகிறது.

உள்ளே திறக்கிற கதவு
கட்டிலில் இடிக்கிறது.
கட்டிலை நான்கு அங்குலம் அறுத்தேன்.
மூலைக்கு மூலை, சரிந்து படுக்கிறேன்.
நோட்டில் அடுத்த வரி:
ரம்பத்துக்கு அரம், ஒன்று.
விலை இன்னும் எழுதவில்லை.